குழந்தையின் முதல் நடையும் குடும்பத்தின் மலைப்பயணமும்

எத்தனை கட்டு நூல் வந்தது, எத்தனை சேலை தறியிலிருந்து இறங்கியது, வெட்டிய காய் எவ்வளவு, வாங்கிய கடனில் அடைந்தது எவ்வளவு என்ற கணக்குகளுக்கெல்லாம் நம் சங்கங்களில் பேரேடு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கையும் உண்டு. ஆனால் அங்கத்தினர் வீட்டில் வளரும் குழந்தைக்கு எந்த மாதத்தில் தலை நின்றது, எந்த மாதத்தில் அது குப்புற விழுந்தது, எப்பொழுது எழுந்து நின்றது என்பதற்குப் பேரேடு ஏது? பாட்டியின் நினைவே பேரேடு. அவரும் மகள் வீட்டுக்குப் போய்விட்டால் அந்தக் கணக்கும் அவரோடு போய்விடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதனால் தீங்கு ஒன்றும் நேர்வதில்லை. சில குழந்தைகளுக்கு நேர்கிறது. அந்தச் சிலரின் பொருட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பழனி மலையின் கீழ்ச்சரிவு சமவெளியைத் தொடுமிடத்தில் அமைந்துள்ள அய்யம்பாளையத்தை அறியாத தென்னை விவசாயி நம் பக்கத்தில் இல்லை. ‘அய்யம்பாளையம் நெட்டை’ என்று தென்னையில் ஓர் இனத்துக்கே பெயர் வழங்குகிறது. ஊருக்கு மேற்கே மலை. மலையடியில் மருதாநதி அணை. அதன் கீழே தோப்புகள். மேலே செல்லும் சாலை பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்குப் போகிறது. காப்பி, மிளகு, மலைவாழை ஆகியவற்றின் நாடு அது. கிழக்கே சென்றால், தறிச்சத்தம் கேட்கும் சின்னாளபட்டி. ஆகவே நெசவாளர், விவசாயி ஆகிய இரு வகை அங்கத்தினருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்ல இவ்வூரை நாம் தேர்ந்துகொண்டதில் வியப்பில்லை.

தென்னந்தோப்பில் ஏறத்தாழ 45 நாளுக்கு ஒரு வெட்டு என்பது நடைமுறை. இந்த அளவுகோலைக் குழந்தைக்கு வைத்துப் பார்த்தோம், வேடிக்கையாகப் பொருந்துகிறது. பிறந்த பிறகு முதல் வெட்டு வரும்போது குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருக்கும். தூக்கத்தில் தானாக வரும் சிரிப்பைச் சொல்லவில்லை. தாயின் முகத்தைக் கண்டு அதற்கு மறுமொழியாக வரும் சிரிப்பையே சொல்லுகிறோம். இரண்டாம் வெட்டுக்குத் தலை நிற்கத் தொடங்கும். மூன்றாம் வெட்டு நான்கரை மாதம். குப்புற விழும் பருவம். ஐந்தாம் வெட்டு ஏழரை மாதம். பிடிப்பின்றி உட்காரும் பருவம். எட்டாம் வெட்டோடு ஆண்டு நிறைகிறது. அப்பொழுது குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டோ, பிடிக்காமலோ நிற்கிறது. ஓர் அடி எடுத்தும் வைக்கிறது. காய்ப்பு முன்பின் ஆவது போலவே இதுவும் முன்பின் ஆகும். எவ்வளவு முன், எவ்வளவு பின் என்பதுதான் கேள்வி.

குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் பார்ப்பது மேல்நாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்ததன்று. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை அதற்குச் சான்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மை மீது பாடினார். பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாக்கி, பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுவது அதன் இலக்கணம். ஐந்தாம் மாதத்தில் செங்கீரை: ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடும் நிலை. ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி: உட்கார்ந்து கைகொட்டுதல். ஆண்டு நிறைவை ஒட்டி வருகை: தளர்நடையிட்டு வருமாறு அழைத்தல். அதற்குப் பின் அம்புலி: நிலவைக் காட்டி விளையாட அழைத்தல். மாதங்களைக் குறிப்பதில் நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டென்றாலும் வரிசை மாறுவதில்லை.

இன்று ஒரு குழந்தை மருத்துவரிடம் இந்த வரிசையைக் காட்டினால் அவர் தலையசைப்பார். கைகளை ஊன்றித் தலையை உயர்த்துவது கழுத்தும் தோளும் வலுப்பெற்றதற்கு அடையாளம். கைகொட்டுவதற்கு இரு கைகளும் ஒன்றையொன்று நடுவில் சந்திக்க வேண்டும். உடலும் விழாமல் நிமிர்ந்திருக்க வேண்டும். அம்புலி இன்னும் நுட்பமானது. நாம் விரலால் காட்டும் திசையைக் குழந்தை பார்ப்பதும், பிறகு தான் கண்டதை நமக்கு விரலால் காட்டுவதும் பேச்சுக்கு முன்னோடி. ஒன்றரை வயதாகியும் எதையும் சுட்டிக் காட்டாத குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது இக்கால மருத்துவ நூல்கள் வற்புறுத்தும் செய்தி. நிலாச்சோறு ஊட்டிய நம் பாட்டிமார்கள் தினந்தோறும் அந்தப் பரிசோதனையை நடத்தியே வந்திருக்கிறார்கள். சோறு ஊட்டும்போது கையில் கைப்பேசியைக் கொடுத்துவிடும் இக்காலத்து வழக்கம் அதைக் கெடுத்துவிட்டது என்பது நம் அபிப்பிராயம்.

இனி, முன்பின் என்னும் கேள்விக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 800க்கு மேற்பட்ட ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, அதன் முடிவை 2006ஆம் ஆண்டில் வெளியிட்டது. பிடிப்பின்றி உட்காருவது ஏறத்தாழ 4 மாதம் முதல் 9 மாதத்துக்குள். கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5 மாதம் முதல் பதின்மூன்றரை மாதத்துக்குள். தனித்து நடப்பது 8 மாதம் முதல் பதினேழரை மாதத்துக்குள் என்று அதில் கண்டார்கள். நடைக்கு மட்டும் ஒன்பது மாத காலம் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். மற்றொன்றும் கண்டார்கள். நூற்றுக்கு நான்கு குழந்தைகள் அவ்வாறு தவழவே இல்லை. சில பிட்டத்தால் நகர்ந்தன. சில வேறு வகையில் நகர்ந்து, பிறகு எழுந்து நடந்துவிட்டன. அவற்றுக்கு எவ்விதக் குறையும் இல்லை.

இதை அறிந்திருந்தால் நம் தெருக்களில் நடக்கும் வாக்குவாதம் பாதி குறையும். ஒரு திண்ணையிலிருந்து மறு திண்ணைக்குக் கேள்வி வரும்: “ஏன் மதினி, எம் பேரன் பதினோரு மாசத்துலயே நடந்துட்டான். ஒங்க பேத்தி இன்னும் பிடிச்சுக்கிட்டே நிக்கிறாளே?” மறுமொழியும் தயாராக இருக்கும்: “அவ அப்பனும் ஒன்றரை வயசுலதான் மதினி நடந்தான். இப்ப அவன் ஏறாத மரமா?” இருவர் சொல்வதிலும் தவறில்லை. ஆனால் இந்தப் போட்டியின் விளைவாக மறுநாள் கடைக்குப் போய், சக்கரம் வைத்த வட்டமான பிளாஸ்டிக் வண்டி ஒன்றை வாங்கி, அதன் நடுவில் குழந்தையை உட்கார வைக்கிறார்களே, அதுதான் தவறு. அவ்வண்டி நடையை விரைவுபடுத்துவதில்லை. கால் பலப்படுமுன் வேகம் மட்டும் வந்துவிடுவதால், வாசற்படியிலிருந்து குழந்தை உருண்டு விழுவதும், அடுப்பங்கரைக்குள் பாய்ந்து கொதிநீரில் கை வைப்பதும் நிகழ்கின்றன. கனடா நாட்டில் 2004ஆம் ஆண்டு முதல் அதன் விற்பனையே தடை செய்யப்பட்டிருக்கிறது. நம் ஊர்த் தச்சர் செய்துகொடுத்த மூன்று சக்கர மரநடைவண்டி வேறு. அதில் குழந்தை தன் காலில் நின்று, தானே தள்ளிக்கொண்டு போகிறது. பரணில் கிடந்தால் இறக்கித் துடைத்து வையுங்கள்.

“அவன் அப்பனும் அப்படித்தான்” என்ற சொல் நடையின் விஷயத்தில் பெரும்பாலும் மெய்யாகிவிடும். செவியின் விஷயத்தில் அதே சொல் குழந்தையின் வாழ்நாளையே கெடுத்துவிடக் கூடும். நெசவாளர் வீடுகளில் பெருமையாகச் சொல்லும் ஒரு பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறோம்: தறி ஓடும் சத்தத்திலேயே பிள்ளை அசையாமல் தூங்குவான் என்பார்கள். பிறந்தது முதல் தறிச்சத்தத்தில் கிடக்கும் குழந்தை அதற்குப் பழகி உறங்குவது இயற்கையே. ஆனால் காது கேளாத குழந்தையும் அவ்வாறே உறங்கும் அல்லவா? இரண்டையும் வெளியிலிருந்து பார்த்து வேறுபடுத்த இயலாது. விழித்திருக்கும் போது, குழந்தை நம்மைப் பார்க்க முடியாத பக்கத்திலிருந்து மெல்லக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பவில்லையென்றால் கருவிகொண்டு சோதிக்கச் செய்ய வேண்டும். ஆறு மாதம் வரையில் செவிடான குழந்தையும் ‘ங்கா’ என்று மழலை பேசும். ஆதலால் மழலையை நம்பி இருந்துவிடக் கூடாது. அதன் பிறகு மழலை பெருகுவதற்கு மாறாகக் குறைந்துவிடுவது ஓர் எச்சரிக்கை.

செவிப்புலன் அறவே இல்லாத குழந்தைக்கு உட்செவியில் கருவி பொருத்தும் சிகிச்சை இன்று நம் மாநிலத்தில் அரசின் காப்பீட்டுத் திட்டத்தின் வாயிலாகக் கிடைக்கிறது. அதற்கு ஆறு வயது என்ற வரம்பு இருக்கிறது. வரம்பு இல்லாவிட்டாலும் காத்திருப்பதில் பயனில்லை. பேச்சைக் கற்கும் மூளையின் ஆற்றல் முதல் சில ஆண்டுகளிலேயே மிகுதியாக இருப்பதால், ஒன்று இரண்டு வயதில் கருவி பெற்ற குழந்தை பேசப் பழகுவது போல் ஐந்து வயதில் பெற்ற குழந்தை பழகுவதில்லை. சிகிச்சைக்குப் பின்னர் ஓராண்டுக்குக் குறையாமல் பேச்சுப் பயிற்சிக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். தறியை நிறுத்திவிட்டு வாரந்தோறும் நகருக்குப் பேருந்து ஏறுவது எளிதான காரியமன்று என்பதை நாம் அறிவோம். இங்கேதான் சங்கமும் அண்டை வீட்டாரும் கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அக்காள் மகளைக் கட்டுவது, அத்தை மகளைக் கட்டுவது நம் பக்கத்தில் தொன்றுதொட்ட வழக்கம். நெருங்கிய இரத்த உறவில் மணம் நிகழும்போது பிறவிச் செவிடு முதலிய சில குறைகள் குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகுகிறது. அத்தகைய வீடுகளில் பிறந்த குழந்தைக்குச் செவிச்சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

மற்ற எச்சரிக்கைகளையும் சுருக்கமாகச் சொல்லுவோம். மூன்று மாதம் நிறைந்தும் முகம் பார்த்துச் சிரிக்காமை; ஐந்து மாதத்திலும் தலை நிற்காமை; பத்து மாதத்திலும் உட்காராமை; ஓராண்டாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை; பதினெட்டு மாதத்திலும் நடக்காமை; இரண்டு வயதில் ‘பால் வேணும்’, ‘அப்பா வா’ என்று இரு சொல் சேர்த்துப் பேசாமை. ஆண்டு நிறையுமுன்னரே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினாலும் கவனிக்க வேண்டும். இடக்கையன் என்று சிரித்துவிடக் கூடாது. எல்லாவற்றினும் கடுமையானது, ஒருமுறை வந்த திறமை மறைந்து போவது. பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை நிறுத்தினால், அடுத்த வெட்டு வரையில் அல்ல, அடுத்த வாரம் வரையிலும் காத்திருக்க வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மட்டும், பிறந்த நாளிலிருந்து எண்ணாமல் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவது முறை.

இவற்றை எங்கே போய்க் கேட்பது என்று திகைக்க வேண்டியதில்லை. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பயனாக அங்கன்வாடி ஊர்தோறும் இருக்கிறது. 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபோது சிறு குழந்தைகளும் அதில் சேர்க்கப்பட்டார்கள். அங்கன்வாடி என்றால் மாவுப் பொட்டலம் வாங்கும் இடம் என்று மட்டும் கருதிவிட்டோம். அங்கே மாதந்தோறும் எடை பார்த்து வரைபடத்தில் குறிப்பதே முதன்மையான பணி. பிறந்தபோது இருந்த எடை ஐந்தாம் மாதத்தில் இரு மடங்காகவும், ஆண்டு நிறைவில் மும்மடங்காகவும் ஆவது பொது விதி. வளர்ச்சியில் ஐயம் இருந்தால், 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் மாவட்டத் தலைநகரிலுள்ள இளங்குழந்தைகளுக்கான தனிச் சிகிச்சை மையத்துக்கு அனுப்பி வைப்பார்கள். பிரசவத்தின்போது கொடுத்த தாய்சேய் அட்டையில் தடுப்பூசித் தேதிகளுடன், சிரித்த மாதம், உட்கார்ந்த மாதம், நடந்த மாதம் ஆகியவற்றையும் தந்தையார் தம் கையால் எழுதி வைத்தால், மருத்துவர் கேட்கும்போது பாட்டியைத் தேட வேண்டியிராது.

உணவைப்பற்றி இரண்டே வார்த்தை. பிறந்தவுடன் மூத்தவர் ஒருவர் சேனை வைப்பது மதுரை, திண்டுக்கல் பக்கத்து வழக்கம். சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டு நாவில் வைப்பார்கள். வைத்தவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. குணம் வருமோ என்னவோ, கிருமி வரும். முதலில் குழந்தையின் வாயில் பட வேண்டியது சீம்பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டியதில்லை. பெரியவரை ஆசி கூறச் சொல்லி, குழந்தையை அவர் மடியில் வைத்து எடுத்தாலே மரியாதை நிறைவேறிவிடும். தேன் ஓராண்டு நிறையும் வரை ஆகாது. தேனில் தங்கியிருக்கக் கூடிய ஒருவகை நுண்கிருமி பெரியவர்களின் குடலில் செயலற்றுப் போனாலும், பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும்.

தேனைப்பற்றிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்துக் குழந்தையின் முதற் பெரும் பயணம் பெரும்பாலும் பழனிக்குத்தான். முடியிறக்கிக் காது குத்துவதற்குப் பதினோராம் மாதத்திலேயே புறப்படுகிறவர்கள் பலர். படியேற முடியாதவர்களுக்கு 1966 முதல் இழுவை ரயிலும் 2004 முதல் கம்பிவட ஊர்தியும் இருப்பதால் கைக்குழந்தையோடு மேலே செல்வதில் முன்போல் சிரமம் இல்லை. முடியிறக்கிய தலையில் சந்தனம் பூசியதும், சுற்றி நிற்கும் சித்தப்பா, மாமா, அத்தை எல்லாரும் ஆளுக்கொரு விரல் பஞ்சாமிர்தத்தைக் குழந்தையின் வாயில் வைக்க முற்படுவார்கள். அதில் மலைவாழைப்பழம், வெல்லம், நெய் ஆகியவற்றோடு தேனும் சேர்கிறது. ஆகவே ஆண்டு நிறையாத குழந்தைக்கு அதை விலக்கி, ஒரு மலைவாழைப்பழத்தை மசித்துக் கொடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். பழத்துக்காக மலையேறிய பிள்ளையல்லவா அவன்!

அண்மையில் செல்வதானால் அய்யம்பாளையத்தாருக்கு மருதாநதி அணை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் கட்டுச்சோறு எடுத்துச் சென்று கரையில் உட்காருவது சுகமான பொழுதுபோக்கு. தண்ணீருக்கு அருகில் நடை பழகும் குழந்தை இருந்தால் ஒருவர் அதன் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால் எவரும் பார்க்கவில்லை என்று பொருள். அணையைக் காட்டிலும் வீட்டுத் தொட்டிதான் நமக்கு மிகுந்த அச்சம் தருகிறது. ஒரு சாண் ஆழமுள்ள தண்ணீரில் தலைகீழாக விழுந்த ஒன்றரை வயதுக் குழந்தையால் எழ முடியாது. சத்தமும் போட முடியாது. தோப்புத் தொட்டி, வாசல் வாளி, சாயம் காய்ச்சும் வீடுகளில் சாயத்தொட்டி ஆகியவை மூடியிருக்க வேண்டும். தோப்பில் வேலை செய்யும் தாய்மார்கள் தூளி கட்டும்போது அண்ணாந்து பார்த்துக் கட்டுங்கள். காய் தொங்கும் தென்னைக்குக் கீழே கட்டாமல், புளியிலோ வேம்பிலோ கட்டுங்கள். தூளிக்குப் பழைய பருத்திச் சேலையே உத்தமம். காற்றும் புகும்; முடிச்சும் நழுவாது. வழுவழுப்பான செயற்கை நூல் சேலையில் இவ்விரண்டும் இல்லை. நெசவாளருக்காகப் பரிந்து பேசுவதாக எண்ண வேண்டாம். கட்டிப் பார்த்தால் தெரியும்.

மலையேறுவோரைப்பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. கோடைக்கானல் என்னும் ஊர் பிறந்ததற்கே குழந்தைகள் ஒரு காரணம். மதுரையில் பணிபுரிந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் சமவெளியின் நோய்களுக்குத் தம் மக்களைப் பறிகொடுத்த துயரம் தாளாமல், 1845இல் மலைமேல் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். சாலை வருமுன் பெண்களும் குழந்தைகளும் நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்து, ஆட்கள் சுமக்க, இரவெல்லாம் மலையேறினார்கள். 1863இல் ஏரி அமைந்தது. இன்று வத்தலக்குண்டிலிருந்து சில மணி நேரத்தில் பேருந்து மேலே போய்விடுகிறது. அந்த விரைவே குழந்தைக்குத் தொல்லை. அய்யம்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,000 அடி. கோடைக்கானல் சுமார் 7,000 அடி. 1,000 மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறைவது இயற்கை விதி. ஆதலால் கீழே வியர்த்துக்கொண்டிருந்த குழந்தை மேலே இறங்கும்போது 12 டிகிரி குளிரில் இறங்குகிறது. ஒரு தடித்த கம்பளிக்கு மாறாக, மெல்லிய பருத்திச் சட்டைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவித்து, மேலே கம்பளி போடுவது நலம். வேண்டியபோது ஒன்று ஒன்றாகக் கழற்றலாம். தலையை மூடுங்கள். மொட்டையடித்த கையோடு பழனியிலிருந்து நேரே கோடைக்கானல் போகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

வண்டி மலையிறங்கும்போது குழந்தை காரணமின்றி வீறிட்டு அழும். பசியுமல்ல, கண்ணேறுமல்ல. காற்றின் அழுத்தம் மாறுவதால் செவிக்குள் வலி உண்டாகிறது. பெரியவர்கள் எச்சில் விழுங்கிச் சமாளிக்கிறோம். குழந்தைக்கு அது தெரியாது. பால் கொடுங்கள்; விழுங்க விழுங்கச் செவி திறக்கும். சளி பிடித்திருந்தால் பயணத்தை வேறு வாரத்துக்கு ஒத்தி வைப்பதே மேல்.

அதே கோடைக்கானலில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், இத்தாலிய நாட்டு மூதாட்டி ஒருவர் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே இரண்டாண்டுகள் கழித்தார். அவர்தாம் டாக்டர் மரியா மாண்டிசோரி. 1939இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பின் பேரில் சென்னை அடையாற்றுக்கு வந்தபோது அவருக்கு வயது 69. மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதால் ஆங்கில அரசு அவர் மகன் மரியோவைச் சிறையிட்டது. அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளையொட்டி விடுதலை செய்தது. நாடு திரும்ப இயலாத அவர்கள் 1942 முதல் 1944 வரை கோடைக்கானலில் தங்கி, பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகக் கற்கும் சிறு பள்ளி ஒன்றை நடத்தினார்கள். மலையின் செடியும் பூச்சியும் கல்லும் அங்கே பாடங்களாயின. பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான காலத்தைப்பற்றி அவர் இந்தியாவில் ஆற்றிய சொற்பொழிவுகளே, 1949இல் அடையாற்றிலிருந்து வெளியான அவரது புகழ்பெற்ற நூலுக்கு அடிப்படை.

அவர் கூறியவற்றுள் இரண்டு நம் அங்கத்தினருக்கு உகந்தவை. முதலாவது: குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தைக்கும் வேலைக்கும் செல்லும் எளிய தாய், அறியாமலே அதற்கு உலகத்தைக் கற்பிக்கிறாள், வீட்டில் தனியே படுக்க வைக்கப்பட்ட செல்வர் வீட்டுக் குழந்தைக்கு அந்த வாய்ப்பு இல்லை. களத்து மேட்டுக்குக் கைக்குழந்தையோடு போக வேண்டியிருக்கிறதே என்று மனம் நோகும் தாய்மார்களுக்கு இது ஆறுதல். இரண்டாவது: ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தையால் ஒரு மைலுக்கு மேலும் நடக்க முடியும். நாம்தான் அதனுடன் நடப்பதில்லை. நம் வேகத்துக்கு இழுக்கிறோம், அல்லது தூக்கிக்கொள்கிறோம். குழந்தை ஓரிடத்தைச் சென்றடைவதற்காக நடப்பதில்லை, நடப்பதற்காகவே நடக்கிறது. பத்தடி வைக்கும், உட்காரும், எறும்பு வரிசையைப் பார்க்கும், மறுபடி எழும். அதற்குக் களைப்பு உண்டாக்குவது தூரமன்று; நம் அவசரம்.

ஆகவே கோடைக்கானலுக்குப் போய், ஒரே நாளில் ஏரி, பூங்கா, தூண் பாறை, அருவி என்று எட்டு இடங்களை வண்டியில் சுற்றிக் களைத்துத் திரும்புவதைவிட, ஓரிடத்தில் இறங்கிக் குழந்தையின் நடைக்கு நடப்பதே அதற்கு உண்மையான உல்லாசப் பயணம். அய்யம்பாளையத்தாருக்கு அவ்வளவு தூரமும் வேண்டியதில்லை. தாண்டிக்குடிப் பேருந்தில் ஏறினால் 4,000 அடிக்கு மேல் கொண்டு விடுகிறது. முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தான் என்று ஊரார் பெயர்க்காரணம் சொல்கிறார்கள். அங்கே பாலமுருகன் கோயில் இருக்கிறது, கூட்டம் குறைவு. காலை வண்டியில் சென்று மாலை வண்டியில் திரும்பலாம். நடுவில் உள்ள நேரம் முழுவதையும் குழந்தையிடம் விட்டுவிடுங்கள். சாலையோரத்தில் மட்டும் நடத்த வேண்டாம். வளைவுகளில் லாரி வருவது தெரியாது. அட்டைகள் உள்ள மழைக்காலத்தில் காலுக்கு உறை போடுங்கள். காப்பிச் செடி பூத்திருக்கும் வாரம் அமைந்துவிட்டால், மலை முழுதும் மல்லிகை போல் மணக்கும்.

குறிஞ்சி இம்மலையில் 2018ஆம் ஆண்டில் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கின்படி அடுத்த முறை 2030இல் பூக்க வேண்டும். இன்று தவழும் குழந்தைகள் அப்பொழுது மலையில் தாமே ஏறி வருவார்கள். பூவைப் பறிக்கக் கூடாது என்று சொன்னால் விளங்கிக்கொள்ளும் வயதும் வந்திருக்கும்.